இறக்கி வைத்த சாட்சி

"காப்பி எடுத்துட்டு ஒரிஜினல அவருகிட்டயே விட்டுறலாம்ல?" என்று கேட்டாள் பாண்டிச்செல்வி.

எல்லோரும் கேட்கும் கேள்விதான் போல. தடய அறிவியல் கூடத்து டெக்னீஷியன் பெண் கையுறையை மாட்டிக்கொண்டே பதில் சொன்னாள். "காப்பி வராதுக்கா. நினைவுங்கிறது மூட்டை மாதிரி. இங்கருந்து எடுத்தா இங்க இருக்காது. அங்க வச்சாத்தான் அங்க இருக்கும்."

நாற்காலியில் சாய்ந்து கிடந்த இருளப்பன் அன்று காலையிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தான். "இறக்குறது, ஏத்துறது. நம்ம மண்டி வேலைதான்."

அவன் மிளகாய் வற்றல் மண்டியில் லோடுமேன். சாக்கை மீறி வரும் காரம் லோடுமேன்களின் உள்ளங்கைக்குள் இறங்கிவிடும். சோப்புக்குப் போகாது. வேலை முடிந்து தேங்காயெண்ணெய் தேய்த்து, கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிள்ளைகளைத் தூக்குவார்கள். இருளப்பன் மண்டிப் பக்கம் போய் மாதக்கணக்காகிறது. ஆனாலும் கை எரிகிறது என்று காலையும் மாலையும் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். மகள் மித்ராவைத் தூக்குவதே இல்லை. அவள் அருகில் வந்தால் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வான்.

"அப்ப டிவியில போட்டுக் காட்ட முடியாதா?" என்றாள் செல்வி.

"திரையில எல்லாம் வராதுக்கா. இன்னொருத்தர் தலைக்குள்ளதான் ஓடும்."

வழக்கறிஞர் அருள்சீலி குறுக்கிட்டாள். செல்வியைவிட வயதில் சின்னவள். கருப்பு அங்கியை மடித்துக் கையில் வைத்திருந்தாள். "ஜட்ஜ் ஏத்திக்குவார் செல்விக்கா. அன்னைக்கு ஸ்டேஷன்ல அண்ணன் என்ன பார்த்தாரோ, அத ஜட்ஜே நேர்ல பார்த்த மாதிரி ஆயிரும். அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? யாராவது பொய்னு சொல்ல முடியுமா?"

இருளப்பன் தலையைத் திருப்பினான். "எல்லாமே தெரியுமா மேடம்? நான் செஞ்சதும்?"

"நீங்க என்னண்ணே செஞ்சீங்க? பார்த்தீங்க. அடி வாங்கினீங்க."

"அதுக்கு இல்ல. தெரியுமா, தெரியாதா?"

"எல்லாம் தெரியும்."

"அது போதும். எனக்கு என்ன தண்டனைன்னாலும் சரின்னு எழுதிக்கங்க."

அடி வாங்கியவன் தண்டனையைப் பற்றி ஏன் பேசுகிறான் என்று யாரும் கேட்கவில்லை. அவன் கொஞ்ச காலமாகவே அப்படித்தான் ஏறுக்குமாறாகப் பேசிக்கொண்டிருந்தான். அருள்சீலி நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

செல்வி அவன் காதருகே குனிந்தாள். "ஏங்க. இப்பவாச்சும் சொல்லுங்க. தம்பி கடைசியா என்னதான் சொன்னான்?"

"வாயால சொல்லக்கூடாதுன்னு மேடம் சொல்லிருக்காங்கல்ல. சொன்னா கேஸ் கெட்டுரும்."

அது உண்மைதான். நினைவுச் சாட்சி யாரிடமும் வாயால் கதை சொல்லக்கூடாது. சொல்லிச் சொல்லி நினைவையே மாற்றிவிட்டான் என்று எதிர்த்தரப்பு சொல்லும். அருள்சீலி அதைச் சொன்ன நாளிலிருந்து இருளப்பன் அந்த விதியைப் போர்வை மாதிரி இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

"கோர்ட்டுல எல்லாம் தெரிஞ்சுரும்ல" என்றான். டெக்னீஷியன் பெண் அவன் தலையில் கவசத்தை மாட்டினாள்.

செத்தவன் பாண்டித்துரை. செல்வியின் ஒரே தம்பி. குட்டியானை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். மண்டித் தெருவில் வண்டியை நிறுத்திச் சரக்கு ஏற்றும்போது ஒரு போலீஸ்காரர் வந்து பானெட்டில் லத்தியால் தட்டினார். "எடுறா வண்டிய." துரை, "ஒரு நிமிசம்யா, மூட்ட பாதியில நிக்குது" என்றான். 'சார்' இல்லை. 'யா'. அவ்வளவுதான். முதல் தகவல் அறிக்கையில் அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தது, கொலை மிரட்டல் என்று எழுதியிருந்தார்கள். ஒருமையில் பேசுவதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லாததால் இருக்கிற பிரிவுகளைப் போட்டார்கள்.

மச்சினனைக் கூட்டிவரப் போன இருளப்பனையும் உள்ளே வைத்துக்கொண்டார்கள். விடிந்ததும் துரையை அரசு மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். நெஞ்சுவலி என்றார்கள். அந்த வருடம் எல்லாப் போலீஸ்காரர்களுடைய சட்டையிலும் கேமரா இருந்தது. அந்த நிலையத்தில் அன்று எதிலும் சார்ஜ் இல்லை. பார்த்தவன் இருளப்பன் ஒருவன்தான்.

துரைக்கு வாயில் எப்போதும் ஒரு வார்த்தை உண்டு. இருளப்பன் மண்டிக்காரரோடு சண்டை போட்டாலும் சரி, செல்வியோடு சண்டை போட்டாலும் சரி, தோளில் கையைப் போட்டு, "விடுங்க மச்சான்" என்பான். சண்டை பாதியில் அறுந்துவிடும். மூன்று பேரும் டீ குடிப்பார்கள்.

கவசத்தைக் கழற்றினார்கள். ஒரு தீப்பெட்டி அளவுக்கு வெள்ளைப் பெட்டி. டெக்னீஷியன் பெண் அதற்கு அரக்கு முத்திரை வைத்து எண் எழுதினாள். எத்தனை புதிய கருவி வந்தாலும் நீதிமன்றத்துக்கு அரக்குதான் வேண்டும்.

இருளப்பன் எழுந்து நின்றான். ஒரு காலைத் தரையில் ஊன்றியதும் முகம் சுளித்தான். குனிந்து பாதத்தைப் பார்த்தான். "இது எப்படி அடிபட்டுச்சு?"

செல்வி அவன் செருப்பை எடுத்துக் காலருகே போட்டாள்.

"சரி வா செல்வி, போவோம். மண்டிக்கு லோடு வந்துருக்கும்."

துரை செத்துப்போனது அவனுக்குத் தெரியும். எரித்ததும் மொட்டை போட்டதும் நினைவிருந்தது. எப்படிச் செத்தான் என்பது மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும், செய்தித்தாளில் படித்தவனைப் போல. அன்று வீட்டுக்கு வந்ததும் மித்ராவை அக்குளில் கைகொடுத்துத் தூக்கித் தலைக்கு மேலே போட்டுப் பிடித்தான். பிள்ளை பயந்து கத்திவிட்டுப் பிறகு சிரித்தது. செல்வி அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்க் கிண்ணம் அலமாரியில் அப்படியே இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரி, "பரவாயில்லையே, மனுசன் பழையபடி ஆயிட்டாரே" என்றாள்.

"ஆமா. என் தம்பிய எடுத்துட்டாங்கல்ல உள்ளருந்து" என்றாள் செல்வி. அவள் சொன்னது பாராட்டா குறையா என்று பக்கத்து வீட்டுக்காரிக்குப் புரியவில்லை.

வழக்கு வாய்தா வாய்தாவாக நகர்ந்தது. விசாரணைக்கு எடுக்கிற நாளுக்கு முந்தைய வாரம் அருள்சீலி இருவரையும் நீதிமன்றத்து கேன்டீனுக்கு வரச் சொன்னாள். வடையை வாங்கி வைத்துவிட்டு அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு சிக்கல்" என்றாள். "ஆரம்பத்துல ஜட்ஜுங்க ஏத்திக்கிட்டாங்க. ஒரு ஜட்ஜம்மா ஒரு வெட்டுக் கேஸ ஏத்திக்கிட்டு தீர்ப்பு எழுதினாங்க. நல்ல தீர்ப்பு. அதுக்கப்புறம் அவங்க வீட்ல யாரும் காய் நறுக்கக்கூடாதுன்னு ஆயிருச்சு. இன்னொருத்தர் லாக்கப் கேஸ். தீர்ப்பு சொன்ன மறுநாள் வேலையே வேணாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டார். அப்புறம் யாருக்கும் ஏத்திக்க இஷ்டமில்ல."

"இஷ்டமில்லன்னா? அவுக வேலை அதான?" என்றான் இருளப்பன். "நாங்க மட்டும் இஷ்டப்பட்டா மூட்டை தூக்குறோம்?"

"இஷ்டமில்லன்னு சொல்ல முடியாதுல்லண்ணே. அதனால ஒரு விதி கொண்டாந்துட்டாய்ங்க. நாம இறக்கினதுக்கு அப்புறம் வந்த விதி. ஏத்திக்கிறதுக்கு முன்னாடி, பெட்டிக்குள்ள இருக்கறது இன்னதுன்னு சாட்சியே கூண்டுல ஏறி வாயால உறுதிப்படுத்தணும்."

செல்வி மேசைமேல் குனிந்தாள். "இறக்கி வச்சவருக்கு உள்ள என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"அப்ப?"

"அதான் விதி."

இருளப்பன் சிரித்துவிட்டான். "நல்லா இருக்கே. இறக்கின மூட்டைய தலையில வச்சுக்கிட்டே வந்து காட்டுன்னா?"

"ஞாபகம் இருக்குன்னு சொல்லிட்டா?" என்றாள் செல்வி. "நாம சொல்லிக் குடுப்போம். ஊரே பேசுதுல்ல, லத்தில அடிச்சாய்ங்க, தண்ணி குடுக்கலன்னு. அதச் சொல்லட்டும்."

"சொன்னா பொய்ச்சாட்சி. இறக்கினவனுக்கு ஞாபகம் இருக்காதுன்னு அந்தக் கருவிய செஞ்சவனே வந்து சொல்லுவான். அண்ணன் உள்ள போயிருவாரு, அவங்க வெளிய போயிருவாங்க." அருள்சீலி வடையை இரண்டாகப் பிட்டாள். அப்போதும் தின்னவில்லை. "உண்மையச் சொல்லட்டும். ஜட்ஜுக்கு மனசு இருந்தா விதிய மீறி ஏத்திக்கலாம். தடை ஒன்னும் இல்ல."

மனசை நம்பி நடந்த வழக்கு எதுவும் செல்விக்குத் தெரியாது. ஆனாலும் தலையாட்டினாள்.

விசாரணையன்று கோர்ட் டவாலி இருளப்பன் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார். அவன் முதல் கூப்பாட்டிலேயே கூண்டில் ஏறிவிட்டான். மற்ற இரண்டும் வழக்கத்துக்காக. குற்றம் சாட்டப்பட்ட இன்ஸ்பெக்டரும் இரண்டு காவலர்களும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சாதாரணச் சட்டை போட்டிருந்தார்கள். இருளப்பன் அவர்களை ஒரு தடவை பார்த்தான். திருமண வீட்டில் தெரியாத சொந்தக்காரர்களைப் பார்ப்பது போல.

எதிர்த்தரப்பு வக்கீல் வயதானவர். குரலை உயர்த்தவே இல்லை. வெள்ளைப் பெட்டியை எடுத்து நீட்டினார்.

"இது உங்களுதா?"

"என்கிட்டருந்து இறக்கினாங்க. ஆமாங்க."

"உள்ள என்ன இருக்கு?"

"தெரியாதுங்க."

"சம்பவத்தன்னைக்கு காவல் நிலையத்துல என்ன பார்த்தீங்க?"

"அதுலதான் இருக்கும்ங்க."

"அதுல இருக்கறத கேக்கல. நீங்க என்ன பார்த்தீங்க?"

"நான்... எனக்குத் தெரியாதுங்க. என் கால் நொண்டுது. ஏன்னு எனக்குத் தெரியாது. அதுல இருக்கும். ஏத்திப் பாருங்கய்யா." அவன் நீதிபதியைப் பார்த்துக் கைகூப்பினான். "உங்க கையிலதான இருக்கு. கொஞ்சம் ஏத்திப் பாருங்க."

"சாட்சி, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றார் நீதிபதி. அவர் கெட்ட மனிதரில்லை. காலையில் வேறொரு வழக்கில் ஒரு கிழவிக்கு நாற்காலி போடச் சொன்னவர். ஆனால் அந்தப் பெட்டி மேசைக்கு வந்ததிலிருந்து அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பாம்பு இருக்கும் மூலையைப் பார்க்காமலிருந்தால் பாம்பு இல்லை என்று ஆகிவிடும் என்பதைப் போலக் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

அரசு வழக்கறிஞர் எழுந்தார். துரைக்காக வாதாட வேண்டியவர் அவர்தான். அருள்சீலி பக்கத்தில் உட்கார்ந்து உதவலாம், பேச முடியாது. "சாட்சி அரசுத் தரப்புக்கு ஆதரவாக இல்லை. பிறழ்சாட்சியாக அறிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

"அனுமதிக்கப்படுகிறது."

இருளப்பன் கூண்டிலிருந்து இறங்கும்போது டவாலியிடம் கேட்டான். "அப்படின்னா என்னண்ணே?"

"பேச்சு மாறினவன்னு அர்த்தம்."

"நான் பேச்சே பேசலையே."

"எல்லாரும் அதத்தான்யா சொல்றாய்ங்க. இறங்கு, அடுத்த ஆள் வரணும்."

வராந்தாவில் இன்ஸ்பெக்டர் எதிரே வந்தார். ஒதுங்கிப் போவார் என்று செல்வி நினைத்தாள். அவர் நின்றார். "என்ன இருளப்பா. கால் எப்படி இருக்கு?"

"பரவாயில்லைங்கய்யா" என்றான் இருளப்பன். தோளில் கிடந்த துண்டு தானாக இறங்கி அவன் கைக்கு வந்தது. நலம் விசாரித்த பெரிய மனிதருக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை.

"கைய நல்லா பாத்துக்க. லோடுமேன் பிடின்னா கெட்டிப் பிடி. எல்லாருக்கும் வாய்க்காது." சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

"யாரு செல்வி அது? நல்லா பேசுறாரு."

செல்வி அந்தத் துண்டைப் பிடுங்கி அவன் தோளில் போட்டாள். இன்ஸ்பெக்டர் புருஷனின் கையைப் பற்றி எதற்குப் பேசினார் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. தன் தம்பியைக் கொன்றவன் முன்னால் புருஷன் துண்டைக் கையில் எடுத்தது மட்டும்தான் மனசில் இருந்தது.

இன்ஸ்பெக்டர், காவலர்கள் மூவரும் விடுதலை. தீர்ப்பு நீளமாக இருந்தது. நினைவுச் சாட்சியம் நவீன நீதியின் மைல்கல் என்று ஒரு பத்தி இருந்தது. கடைசிப் பத்தியில், சான்றுப் பொருளை உரியவரிடம் ஒப்படைக்கவும், அவர் வாங்க மறுத்தால் அழிக்கவும் உத்தரவு.

"எனக்கு எதுக்கு?" என்றான் இருளப்பன். "இறக்கினத மறுபடி தூக்கித் தலையில வைக்கவா? அழிக்கச் சொல்லு."

"எனக்கு வேணும்" என்றாள் செல்வி. "நான் ஏத்திக்கிறேன்."

அருள்சீலி முதலில் வேண்டாம் என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்தாள். வக்கீலுக்கு யோசனை வந்தால் அது வழக்கைப் பற்றித்தான் இருக்கும். "ஒரு சின்ன வாசல் இருக்குக்கா. ஏத்திக்கிட்ட ரத்த உறவும் கண்ட சாட்சிதான்னு வெளி மாநிலத்துல ஒரு தீர்ப்பு வந்துருக்கு. மேல்முறையீட்டுல அதக் காட்டலாம். நீங்க கூண்டுல ஏறி, பார்த்தத வாயால சொல்லணும். யாரு அடிச்சா, எதால அடிச்சா, யாரு புடிச்சா, ஒன்னு விடாம. நீங்க சொல்றப்ப கவசத்த மாட்டி, பெட்டியில இருந்து ஏத்தினதோட ஒன்னு விடாம பொருந்துதுன்னு தடயக் கூடத்துல சான்று குடுப்பாங்க. இந்தத் தடவை அவங்க தப்பிக்க வழியில்ல."

"சொல்றேன்" என்றாள் செல்வி. "ஒன்னு விடாம சொல்றேன்."

"அக்கா, அது சினிமா மாதிரி இருக்காது. அவரு கண்ணு, அவரு உடம்பு."

"எந்தம்பி கடைசி நேரத்துல நான் இல்ல. இப்பவாச்சும் இருக்கேன்."

அதே நாற்காலி. டெக்னீஷியன் பெண் அரக்கை உடைத்தாள். இருளப்பன் வெளியே பெஞ்சில் மித்ராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிள்ளை அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விளையாடிக்கொண்டிருந்தது.

முதலில் வந்தது வாசனை. பினாயில், வியர்வை, யாரோ வாங்கி வந்த பரோட்டா சால்னா. பிறகு உயரம், தான் இவ்வளவு உயரமாக இருப்பது செல்விக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு வலி. ஏற்கெனவே பாதங்களில் அடி விழுந்திருந்தது. தரையில் நிற்பது கண்ணாடித் துண்டுகளில் நிற்பது போல இருந்தது.

துரை பெஞ்சில் குப்புறக் கிடந்தான். சட்டை இல்லை. ஒரு காவலர் அவன் தோளில் முழங்காலை ஊன்றியிருந்தார். அவன் கால்களை உதறிக்கொண்டே இருந்தான். அடி சரியாக விழவில்லை.

"துரை, ஆடாம இருங்க துரை" என்றார் இன்ஸ்பெக்டர். 'துரை' என்பதை வெள்ளைக்காரத் துரையைச் சொல்வது போல இழுத்துச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர் திரும்பினார். "ஏய், நீ லோடுமேன்தான? வா. கால புடி."

"அய்யா, மச்சினன்ங்கய்யா..."

"அதான் உன்னப் புடிக்கச் சொல்றேன். சொந்தக்காரன் புடிச்சா அவனுக்கு வலி தெரியாது. புடி. விட்டீன்னா அடுத்து பெஞ்சுல நீ."

அவள் பிடித்தாள். அவன் பிடித்தான். இரண்டு கணுக்கால்கள், ஒவ்வொன்றும் ஒரு கைக்கு அடங்கியது. சாக்கின் காது மடிப்பைப் பிடிப்பதற்கென்றே இருபது வருடம் பழகிய கைகள். துரையின் கால்கள் நின்றுவிட்டன. லத்தி சரியாக விழ ஆரம்பித்தது. ஒவ்வொரு அடியும் துரையின் எலும்பு வழியாக அவள் உள்ளங்கைக்கு வந்தது.

ஒரு தடவை கை விட்டுப்போனது. உடனே லத்தி இருளப்பனின் பாதத்தில் இறங்கியது. உடல் தானாகக் குனிந்து மறுபடி கால்களைப் பிடித்தது. அதன் பிறகு அவன் விடவில்லை. விடக் கூடாது என்று அவன் முடிவு செய்யவில்லை. பயத்தில் கை இறுகிக்கொண்டே போனது. அந்தப் பயம் முழுக்க இப்போது செல்விக்குள் இருந்தது. அதில் துரைக்கு இடமில்லை. அதில் வீட்டிலிருந்த செல்விக்கும் மித்ராவுக்கும்கூட இடமில்லை.

கடைசியில் துரை தலையைத் திருப்பினான். உதடு கிழிந்திருந்தது. அவன் பார்த்தது இன்ஸ்பெக்டரை அல்ல.

"விடுங்க மச்சான்" என்றான்.

காலை விடச் சொன்னானா? இல்லை, எப்போதும் சொல்வானே, தோளில் கையைப் போட்டு, போகட்டும் விடுங்கள் என்று, அதைச் சொன்னானா? குரலில் பலம் இல்லாததால் எதுவென்று பிரிக்க முடியவில்லை. இருளப்பனுக்கும் புரியவில்லை, அந்தப் புரியாமையும் நினைவோடு சேர்ந்துதான் வந்தது. அவன் கை மட்டும் விடவில்லை. துரையின் கால்களில் உயிர் இல்லாமல் போன பிறகும் நெடுநேரம் பிடித்துக்கொண்டே நின்றது.

கவசத்தைக் கழற்றியபோது செல்வி அழவில்லை. டெக்னீஷியன் பெண் தண்ணீர் கொடுத்தாள். டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. கீழே வைத்துவிட்டாள்.

அருள்சீலி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மெதுவாச் சொல்லுங்க செல்விக்கா. அவசரமில்ல. யாரெல்லாம் இருந்தாங்க? யாரு அடிச்சா? யாரு புடிச்சிருந்தா?"

கதவு பாதி திறந்திருந்தது. வெளியே இருளப்பன் மித்ராவுக்கு விரலால் கிச்சுக்கிச்சு மூட்டிக்கொண்டிருந்தான். எனக்கு என்ன தண்டனைன்னாலும் சரின்னு எழுதிக்கங்க என்று இதே நாற்காலியில் சொன்னவன். இப்போது அந்த ஆள் வெளியே இல்லை. செல்விக்குள் இருந்தான். வெளியே இருப்பவன் எந்தத் தப்பும் செய்யாதவன்.

"புடிச்சவங்களும் குற்றவாளிதான மேடம்?" என்றாள் செல்வி.

"ஆமா. அடிச்சவனுக்கு என்னவோ அதேதான் புடிச்சவனுக்கும். பொது நோக்கம்னு ஒரு பிரிவு இருக்கு. அதுலருந்து யாரும் தப்ப முடியாது."

"கட்டாயப்படுத்திப் புடிக்க வச்சிருந்தா?"

"கொலைக்கு அந்தச் சாக்கு செல்லாது." அருள்சீலி பேனாவைத் திறந்து வைத்திருந்தாள். பிறகு முகத்தை உயர்த்தினாள். "ஏன் கேக்குறீங்க? யாரு புடிச்சா?"

மூன்று முகமும் செல்விக்குத் தெரியும். யார் சிரித்தார்கள், யார் பரோட்டா கையோடு வந்து எட்டிப் பார்த்தார்கள், லத்தியின் நுனியில் எந்த இடத்தில் விரிசல் இருந்தது, எல்லாம் தெரியும். அவர்களை உள்ளே தள்ளப் போதுமானதைவிட அதிகமாகவே தெரியும். ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். ஒன்றை விட்டால் கூடத்துச் சான்றோடு பொருந்தாது.

"இருட்டா இருந்துச்சு மேடம்" என்றாள். "ஒன்னும் தெரியல."

வக்கீல்களுக்குப் பொய் தெரியும். அருள்சீலி எழுந்து கதவுவரை போனாள். வெளியே உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள், அவன் கைகளைப் பார்த்தாள். திரும்பி வந்து பேனாவை மூடினாள்.

பேருந்தில் இருளப்பன்தான் பேசிக்கொண்டு வந்தான். இந்த வருடம் வற்றல் வரத்து குறைவு, மண்டிக்காரர் மகனுக்குக் கல்யாணம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் கேட்டான்.

"என்ன சொன்னான் கடைசியா?"

செல்வி அவன் கையைப் பார்த்தாள். பூட்டில் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தது.

"விடுங்க மச்சான்னு சொன்னான்."

இருளப்பன் கை நின்றது. பிறகு அவன் முகம் மெல்ல இளகியது. "அப்படியா சொன்னான்? அந்த நேரத்துலயும்?" கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அவன் எப்பவும் அப்படித்தான். பெரிய மனசு. எதுக்கும் விடுங்க மச்சான்தான்."

"ம்."

"நானும் ஏதாச்சும் சொல்லிருப்பேன்ல? பக்கத்துலதான இருந்தேன்?"

"பக்கத்துலதான் இருந்தீங்க."

அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. கதவைத் திறந்து உள்ளே போய் விளக்கைப் போட்டான்.

செல்வி அலமாரியிலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள். அவள் வாழ்நாளில் மிளகாய் மூட்டையைத் தொட்டதில்லை. இரண்டு உள்ளங்கையும் தகதகவென்று எரிந்தன. எண்ணெயை ஊற்றித் தேய்த்தாள். மித்ரா ஓடி வந்து, தூக்கச் சொல்லி இரண்டு கையையும் உயர்த்தி நின்றது.

செல்வி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அப்பாகிட்ட போ" என்றாள்.